கூடுதலாய் இரண்டு சொட்டு

செங்குழியில் தண்ணீர் குடிக்கும்போது, அது நேற்று யாருடைய சிறுநீராக இருந்தது என்று கேட்பது குற்றம். குடியேற்றச் சட்டத்தின் ஏழாவது பிரிவு. மீறினால் மூன்று நாள் பொதுக் கழிவறைப் பணி.

காலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வீடு குழாய் திறக்கும். ஆளுக்கு நாலு லிட்டர். குழாய்க்கு மேலே உள்ள சின்னத் திரையில் ஓர் எண் ஓடும்: ‘இந்தத் தண்ணீர் இதுவரை 4,312 முறை குடிக்கப்பட்டது.’ பிள்ளைகள் அந்த எண்ணை வைத்து ஒற்றையா இரட்டையா விளையாடுவார்கள். பெரியவர்கள் திரையைப் பார்க்காமல் சொம்பை நிரப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள்.

செவ்வாய்க்கோளில் தண்ணீரை வீணாக்க முடியாது. ஆயிரத்து நூற்று நாற்பது பேரின் வேர்வை, குளியல், சமையல், மூச்சில் வரும் ஈரம் எல்லாம் ஒரே குழாயில் சேர்ந்து, ஒரே நிலையத்தில் சுத்தமாகி, ஒரே குழாயில் திரும்பிப் போகும். அந்த நிலையத்தை நடத்தும் இயந்திர மூளைக்கு ஊருணி என்று பெயர். அதற்குப் பொறுப்பாளர் வேதியியல் முனைவர் அபரஞ்சி. வயது ஐம்பது. முதல் கப்பலில் பத்தொன்பது வயதில் வந்தவர்.

ஊருணியின் வயிற்றில் இருப்பது ஒற்றையணு வினையூக்கி. இரும்பைக் கட்டியாகப் போட்டால் மேற்பரப்பில் இருக்கும் அணுக்கள் மட்டும்தான் வேலை செய்யும். உள்ளே இருப்பவை கல்யாண வீட்டு ஆண்களைப் போலக் கும்பலாய்ச் சும்மா நிற்கும். அபரஞ்சி அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, கரித்தகட்டில் குழி செய்து, சுற்றிலும் நாலு நைட்ரஜனைக் காவல் வைத்து, குழிக்கு ஒன்றாக உட்காரவைத்திருந்தார். அப்படித் தனியாய் உட்கார்ந்த அணு ஒவ்வொன்றும் வேலை செய்யும். கொஞ்சம் பெராக்சைடு ஊற்றினால் அதை உடைத்து, வெறிபிடித்த ஆக்சிஜனைக் கிளப்பிவிடும். மருந்து, சோப்பு, எண்ணெய், எதுவாக இருந்தாலும் அது கடித்துக் குதறித் தண்ணீரும் கரியமில வாயுவுமாக ஆக்கிவிடும். பத்து வருடமாக ஒரு மாசும் அதைத் தாண்டி வந்ததில்லை.

நடுக்கம் மேல்தளத்தில்தான் தொடங்கியது.

செங்குழிக்கு இரண்டு தளங்கள். முதல் கப்பலில் வந்தவர்கள் மேல்தளம். அங்கே கண்ணாடிக் கூரை வழியாகக் கொஞ்சம் வெயில் வரும். பன்னிரண்டு வருடம் கழித்து இரண்டாம் கப்பலில் பனிக்கட்டி வெட்ட வந்தவர்கள் கீழ்தளம். அங்கே வெயில் கிடையாது. முதலில் மேல்தள உணவுக்கூடத்துச் சமையல்காரரின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. பிறகு பள்ளி ஆசிரியை ஒருவரால் எழுத முடியவில்லை. இருபது நாளில் முப்பத்தொரு பேருக்குக் கை நடுங்கியது. முப்பத்தொரு பேரும் மேல்தளம். அதில் ஒருவர் அபரஞ்சி.

ஆட்சிக்குழுத் தலைவர் தணிகாசலம் அவரை அழைத்தார். மேசைமேல் இருந்த தன் கைகளை அவர் மடிக்குள் ஒளித்துக்கொண்டதை அபரஞ்சி கவனித்தார்.

“கீழ ஏதோ கலக்கறாங்க. எந்திர எண்ணெயோ, என்ன எழவோ. உங்க அணுவெல்லாம் தூங்குதா?”

“எண்ணெயா இருந்தா ஊருணி ஒரு நிமிஷத்துல உடைச்சிடும். இது வேற ஏதோ. எனக்கு டைம் வேணும்.”

“நாற்பது நாள். அதுக்குள்ள என்னன்னு கண்டுபிடிச்சு அதை அழிக்கற வழியச் சொல்லுங்க. இல்லைன்னா கீழ்தளத்துக் குழாய நம்ம குழாயிலேருந்து துண்டிச்சிடறோம். பழைய கரி வடிகட்டி ஒண்ணு கிடக்கு இல்ல? அத அவங்களுக்குக் குடுத்துடலாம்.”

“அது ஆளுக்கு ஒன்றரை லிட்டர்தான் தரும். பனிக்கட்டி வெட்டறவங்களுக்கு அது போதாது. சாவாங்க.”

“இங்க நாம மட்டும் வாழறோமா?” என்றார் தணிகாசலம்.

மறுநாள் அபரஞ்சி மாதிரிக் குப்பிகளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். மின்தூக்கி திறந்தது. நாற்பது ஐம்பது பேர் சுரங்க உடையில் நின்றார்கள். யாரும் வழிவிடவில்லை. ஒருவன் அவர் காலடியில் காலிச் சொம்பு ஒன்றை உருட்டிவிட்டான். பனிவெட்டுக் குழுவின் மேஸ்திரி பேச்சியப்பன் முன்னால் வந்தார். அகன்ற தோள், நரைத்த மீசை.

“சோதனை பண்ண வந்தியளாக்கும்?”

“ஆமா. ஒவ்வொரு குழாயிலயும் கொஞ்சம் தண்ணி எடுக்கணும்.”

“எடுங்க, எடுங்க. எங்க மூத்திரத்தையும் எடுத்துட்டுப் போங்க. டாக்டரம்மா, ஒண்ணு கேக்கேன். எங்க ஆளுவள்ல ஒருத்தனுக்குக் கூட கை நடுங்கலியே. விஷத்தக் கலக்குனவன் நாங்கன்னா, மொதல்ல எங்களுக்குல்லா நடுங்கணும்? இத மேல யாராவது யோசிச்சாவளா?”

அபரஞ்சி குப்பியைக் குழாயடியில் பிடித்தார். கை ஆடி, தண்ணீர் தரையில் சிந்தியது. செங்குழியில் தண்ணீர் சிந்துவதை யாரும் சாதாரணமாகப் பார்ப்பதில்லை. கூட்டத்தில் யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். பேச்சியப்பன் குப்பியை அவர் கையிலிருந்து வாங்கித் தானே நிரப்பினார். அடுத்த பதினேழு குழாய்களிலும் அவர்தான் நிரப்பினார்.

அபரஞ்சி மேல்தளத்திலும் எல்லா வடிகால்களிலும் தண்ணீர் எடுத்தார். ஊருணி இரண்டு நாள் எடுத்துக்கொண்டது. அது புத்தகத் தமிழில்தான் பேசும்.

“குளோரின் ஏறிய நறுமண மூலக்கூறு ஒன்று உள்ளது. நரம்பைத் தாக்கும். என் இரும்பணுக்களால் இதை உடைக்க இயலவில்லை. ஆக்சிஜன் கடிக்க வரும் இடத்தைக் குளோரின் மறித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே இது சுற்றிச் சுற்றிச் சேர்ந்துகொண்டே போகிறது.”

“எங்கேயிருந்து வருது?”

“கீழ்தள வடிகால்களில் புதிதாக எதுவும் சேரவில்லை. அவர்கள் குடிக்கும் நீரில் உள்ள சிறிதளவுதான் அங்கும் உள்ளது. இதே வேகத்தில் போனால் ஏழு மாதத்தில் அவர்களுக்கும் நடுக்கம் வரும். மேல்தளத்தில் நூற்றுத் தொண்ணூறு வீடுகளின் சமையலறை வடிகாலில் மிகுதியாக உள்ளது. உங்கள் வீடும் அவற்றுள் ஒன்று.”

அபரஞ்சி நேரே வீட்டுக்குப் போனார். அவர் கணவர் பத்ரிநாதன் பயிர்க்கூடக் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். சமையலறையில் மதியச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். அபரஞ்சி அலமாரிகளைத் திறந்தார். உப்பு ஜாடிக்குப் பின்னால் விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி இருந்தது. மூடியைத் திறந்ததும் சந்தன வாசனையும், அதற்கு அடியில் வெளுப்புத்தூளின் நெடியும் வந்தன.

“இது என்ன?”

பத்ரிநாதன் தட்டைக் கீழே வைத்தார். “பரிசுத்தத் துளி. எல்லார் வீட்லயும் இருக்கு. ஒரு சொம்புக்கு நாலு சொட்டு. என்ன இப்போ?”

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷம். எதிர்வீட்டு வத்சலாவோட வீட்டுக்காரர் பண்ணித் தர்றார். இந்த மண்ணுல குளோரினுக்கு என்ன பஞ்சம்? வாசனைக்குக் கொஞ்சம் எண்ணெய்.”

“நான் பத்து வருஷமா அணு அணுவா உட்கார வெச்சு சுத்தம் பண்ணி அனுப்பற தண்ணி. அதுல எதுக்கு இது?”

“சுத்தமா இருக்குன்னு உன் மெஷின் சொல்லுது. மனசு ஒத்துக்க வேணாமா? கீழ இருக்கறவங்க உடம்புக்குள்ள போயிட்டு வர்ற தண்ணி. சட்டம் கேக்காதேன்னுதான் சொல்லுது, நினைக்காதேன்னு சொல்லலையே.”

அபரஞ்சி நாற்காலியில் உட்கார்ந்தார். கை நடுங்கி மேசையில் தட்டிக்கொண்டே இருந்தது.

“இந்தத் துளியும் தண்ணில மிச்சமிருக்கற பெராக்சைடும் சேர்ந்துதான் விஷமாகுது. நம்ம சொம்புக்குள்ளயே. வீட்ல எல்லாரும் ஒரே சொம்புதானே குடிக்கறோம். உங்க கைக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு மட்டும் ஏன் இப்படி?”

பத்ரிநாதன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“நீ நிலையத்துல அந்த ஆளுங்களோட வேலை பார்க்கறவ. அவங்க தொட்டதத் தொடற. அதான், உன் டம்ளர்ல மட்டும் கூடுதலா ரெண்டு சொட்டு.”

அன்றிலிருந்து அபரஞ்சி நிலையத்திலேயே சாப்பிட்டார், அங்கேயே தூங்கினார்.

மூன்றாம் நாள் பொதுமன்றம் கூடியது. அபரஞ்சி குப்பியை மேசையில் வைத்து, ஊருணியின் அறிக்கையை எளிய சொற்களில் படித்தார். துளியை இன்றோடு நிறுத்தினால் புது விஷம் உண்டாகாது. ஏற்கெனவே சுற்றுவதை மட்டும் எப்படியாவது அழிக்க வேண்டும் என்றார். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

“எங்க சுத்தம்தான் வியாதின்னு சொல்ல வர்றீங்களா?”

“கீழ போயிட்டு வந்ததும் பேச்சே மாறிடுச்சு பாருங்க!”

“புருஷன் குடுத்ததையே சபையில கொண்டுவந்து வெக்கறா. இவ சொல்றத நம்பணுமா?”

வத்சலா எழுந்து அழுதபடி, தன் வீட்டுக்காரர் ஊருக்கு நல்லது செய்ததற்கு இதுவா மரியாதை என்று கேட்டார். பின்வரிசையிலிருந்து ஒரு டம்ளர் பறந்து வந்து அபரஞ்சியின் தோளில் பட்டது. பிளாஸ்டிக்தான். ஆனால் அதில் தண்ணீர் இருந்தது. இந்த ஊரில் ஒருவர் தன் பங்குத் தண்ணீரை இன்னொருவர் மேல் வீசினால், அவரை எவ்வளவு வெறுக்கிறார் என்று வேறு விளக்கம் தேவையில்லை.

தணிகாசலம் கையை உயர்த்தினார். நடுங்கும் கையை இந்த முறை மறைக்கவில்லை.

“துளி அவரவர் வீட்டு விஷயம். குழு அதுல தலையிடாது. உங்க வேலை தண்ணியில என்ன இருந்தாலும் உடைக்கறது. அதப் பண்ணுங்க. முப்பத்தஞ்சு நாள் மிச்சம். ஆகலைன்னா துண்டிப்பு நிச்சயம்.”

“கலக்கறது நாம. துண்டிக்கறது அவங்களையா?”

“அடுத்த விஷயத்துக்குப் போகலாம்” என்றார் தணிகாசலம்.

ஊருணியும் அபரஞ்சியும் வேலையைத் தொடங்கினார்கள். விஷ மூலக்கூறிலிருந்து முதலில் குளோரினைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிவிட்டால் மிச்சத்தை இரும்பு பார்த்துக்கொள்ளும். குளோரினைப் பிடுங்க வல்லது பல்லேடியம் என்ற அரிய உலோகம். அதையும் தனித்தனி அணுவாக உட்காரவைத்தால் முழு ஊருக்கும் பதினொரு கிராம் போதும். ஆனால் செங்குழியின் கையிருப்பில் பல்லேடியம் ஒரு கிராம்கூட இல்லை.

அபரஞ்சி மறுபடியும் கீழே போனார். மன்றத்தில் நடந்தது அங்கே தெரிந்திருந்தது. இந்த முறை கூட்டம் வழிவிட்டது; சிரிக்கத்தான் இல்லை.

“பழைய வெட்டு எந்திரங்களோட மின்பலகை இருக்குமா? அதுல முனைகள்ல பல்லேடியம் பூசியிருப்பாங்க.”

பேச்சியப்பன் மீசையைத் தடவினார். “பத்தொம்பது வருசத்துக் குப்பை கெடக்கு. ஆனா ஒண்ணு. அவிய வீட்டுல அவிய ஊத்துத விஷத்துக்கு நாங்க ஏன் குப்பையக் கிளறணும்?”

“ஏழு மாசத்துல உங்க கையும் நடுங்கும். அதுக்கு முன்னால, முப்பது நாள்ல உங்க குழாய் நிக்கும். எனக்கு வேற பதில் தெரியலை.”

“நல்ல பதிலுதான்” என்றார் அவர். தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டாம் நாள் காலை நிலையத்தின் வாசலில் பலகைகள் மலைபோலக் குவிந்திருந்தன. வேலை முடிந்து வந்த ஆட்கள் ஆளுக்குப் பத்தாகக் கழற்றிக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். சுரண்டி, கரைத்து, பிரித்ததில் பன்னிரண்டு கிராம் தேறியது.

பிறகு தோல்விகள். பல்லேடிய அணுக்கள் தனியாக இருக்க மறுத்தன. குழியை விட்டு நகர்ந்து, பக்கத்தில் இருப்பதோடு ஒட்டி, கட்டியாகி, வேலையை நிறுத்தின. ஊருணி அறுபதாயிரம் குழி வடிவங்களைக் கணித்து அறுபதைப் பரிந்துரைத்தது. செய்து பார்க்க வேண்டியது மனிதக் கை. அபரஞ்சியால் சொட்டுக்குழலைப் பிடிக்க முடியவில்லை. மூன்று தகடுகள் வீணான அன்று, பலகைக் குப்பையை எடுத்துப்போக வந்திருந்த பேச்சியப்பன் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்தார்.

“தள்ளுங்க. எத்தன சொட்டு?”

“ஏழு. ஒரு சொட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல மூணு விநாடி.”

“எட்டடி உளிய மயிரிழை தப்பாம அடிக்கிற கை இது. சொல்லுங்க.”

முப்பத்திரண்டாவது நாள்வரை தினமும் வேலை முடிந்து வந்தார். அபரஞ்சி சொல்ல, அவர் விட்டார். சில நாட்களில் அவர் கொண்டுவந்த கம்பங்கூழை இருவரும் ஒரே பாத்திரத்திலிருந்து ஊற்றிக் குடித்தார்கள். ஒருமுறை, “எங்க தளத்துப் பிள்ளைய எல்லாம் பொறந்தது இந்தத் தண்ணியிலதான் டாக்டரம்மா. மேல போற தண்ணி, கீழ வார தண்ணின்னு அதுகளுக்குத் தெரியாது. தெரியாமலே வளரட்டும்” என்றார்.

நாற்பத்தேழாவது குழி வடிவம் பிடித்துக்கொண்டது. ஒரு பக்கத்து நைட்ரஜனை எடுத்துவிட்டுக் கந்தகத்தை வைத்ததும் பல்லேடியம் அசையாமல் உட்கார்ந்தது. முப்பத்தெட்டாவது நாள் முழுச் சுற்றுத் தண்ணீரும் புதுத் தகடுகள் வழியாகப் போய் வந்தது.

“மாசு இல்லை” என்றது ஊருணி. மூன்று முறை கேட்டும் அதையே சொன்னது.

துண்டிப்பு ரத்தானது. சுற்றிச் சுற்றிச் சேர்ந்திருந்த விஷம் போனதால் இரண்டு மாதத்தில் நடுக்கங்கள் குறைந்தன. அபரஞ்சியின் வலக்கை முழுதாகச் சரியாகவில்லை. ஆட்சிக்குழு ஓர் அறிவிப்பு ஒட்டியது: புதிய வினையூக்கி எதையும் உடைக்க வல்லதாகையால் பரிசுத்தத் துளியைப் பயன்படுத்த இனி எந்தத் தயக்கமும் வேண்டாம். வத்சலாவின் வீட்டுக்காரர் மல்லிகை வாசனையிலும் ஒன்று செய்தார். அபரஞ்சிக்கு வந்த பாராட்டுக் கடிதத்தில் பல்லேடியம் எங்கிருந்து கிடைத்தது என்றோ, யார் கை சொட்டு விட்டது என்றோ ஒரு வரியும் இல்லை. அவர் அதை ஊருணியின் கோப்பில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்.

ஒரே ஒரு திருப்தி அவருக்கு இருந்தது. மேல்தளமும் கீழ்தளமும் ஒரே தண்ணீரைத்தான் இன்னும் குடிக்கின்றன.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் பூமியிலிருந்து செய்தி வந்தது. மூன்றாம் கப்பல் ஒன்றை அனுப்ப முடிவாகியிருக்கிறது. ஆழ்துளைச் சுரங்கத்துக்கு முந்நூறு பேர். கீழ்தளத்துக்கும் கீழே புதிதாக ஒரு தளம் குடைய வேண்டும்.

ஒரு வாரம் கழித்துப் பேச்சியப்பன் நிலையத்துக்கு வந்தார். சலவை செய்த சட்டை போட்டிருந்தார். கையில் ஒரு மனு.

“நீங்கதான் நிலையப் பொறுப்பு. உங்க கையெழுத்து இல்லாம குழு எடுத்துக்கிடாதாம்.”

அபரஞ்சி படித்தார். வரப்போகும் மூன்றாம் தளத்தினருக்குத் தனிச் சுற்று, தனிக் குழாய். பழைய கரி வடிகட்டியைப் பழுதுபார்த்து அவர்களுக்கு ஒதுக்கலாம் என்றிருந்தது.

“இது உங்களுக்குச் செய்யப் பார்த்ததுதானே?”

“அது வேற, இது வேற டாக்டரம்மா. நாங்க இங்க வந்து இருபது வருசமாச்சு. எங்க பழக்கவழக்கம் எல்லாருக்கும் தெரியும். வாரவிய எப்பிடியோ? எங்க வீட்டுலயும் பிள்ளைய இருக்குல்லா?”

அவர் குரலில் கோபமே இல்லை. அக்கறைதான் இருந்தது. அபரஞ்சி அடுத்த பக்கத்தைப் புரட்டினார். கையெழுத்துகள். தணிகாசலம். வத்சலா. பத்ரிநாதன், அழகான சாய்வெழுத்தில். அவர் பெயருக்கு நேர் கீழே, உளி பிடித்த கையின் கனத்த எழுத்தில் பேச்சியப்பன். எண்ணூற்று ஆறு பேர். மேல்தளமும் கீழ்தளமும் ஒரே தாளில் கையெழுத்திட்டது செங்குழியின் வரலாற்றிலேயே இதுதான் முதல் தடவை.

“வரப்போறவங்க யாரு, எந்த ஊர்க்காரங்கன்னாவது தெரியுமா?” என்று கேட்டார் அபரஞ்சி.

“அது எப்பிடித் தெரியும்?” என்றார் பேச்சியப்பன், பேனாவை நீட்டியபடி. “அங்க இன்னும் ஆள் எடுக்கவே ஆரம்பிக்கலியே.”